உடம்புக்கு முடியாமல் போனால் அது கர்த்தரின் சிட்சையா? எபிரெயர் 12 பற்றி ஒரு கேள்வி

பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் வேதபாடம் நடக்கும். போன வாரம் எபிரெயர் 12. "எந்தச் சிட்சையும் தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும்" என்ற வசனம் வந்ததும், பாடம் நடத்துகிற அண்ணன் கூட்டத்தில் இருந்த ஒரு அக்காவைப் பார்த்து, "கர்த்தர் உங்களைச் சிட்சிக்கிறார். எந்தப் பாவத்துக்காக என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். சிட்சை என்றால் தண்டித்துத் திருத்துவது. அந்த அக்காவுக்குச் சர்க்கரையில் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினோம், திறந்து பார்த்தால் ஆள் இல்லை. இந்த வாரம் வரவும் இல்லை.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே சமயம், முகத்துக்கு நேரே ஒருவர் கண்டித்ததால்தான் திருந்தினேன் என்று சாட்சி சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். வலிக்கிற கண்டிப்பால் ஆத்துமா குணமாகும் என்றால், அது எப்போது நடக்கிறது? எப்போது வெறும் காயத்தோடு நின்றுவிடுகிறது? வசனத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும். அண்ணனிடம் வாதாடவும் ஏதாவது வேண்டும்.

வேதவாசகன்

பிரதர், அந்த அண்ணன் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்ன சத்தியம் தப்பில்லை. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று 119ஆம் சங்கீதம் 71ஆம் வசனம் சொல்கிறது. 67ஐயும் பாருங்கள், உபத்திரவத்துக்கு முன் வழிதப்பி நடந்தேன் என்கிறான். ஓசியா 6:1 இன்னும் தெளிவு: "நம்மைப் பீறினார், அவரே நம்மைக் குணமாக்குவார்." யோபு 5:18: "அவர் காயப்படுத்திக் காயங்கட்டுகிறார்; அவர் அடிக்கிறார், அவருடைய கை ஆற்றுகிறது." நீதிமொழிகள் 27:6, சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள்.

இன்றைக்குப் பிரசங்க மேடையில் ஆசீர்வாதம், உயர்வு, புது வருஷ வாக்குத்தத்தம் இவைதான் ஓடுகின்றன. கண்டித்துப் பேசினால் காணிக்கை குறைந்துவிடும் என்ற பயம். அதனால் யாராவது சிட்சை என்று வாயைத் திறந்தாலே நமக்குப் பொறுக்கவில்லை.

கேள்விக்குறி

வேதவாசகன் அண்ணே, ஓசியா சரி, சங்கீதமும் சரி. யோபு 5:18ஐ மட்டும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அந்த வசனத்தைப் பேசுவது யார்? யோபைப் பார்க்க வந்த நண்பன் எலிப்பாஸ். யாரிடம்? பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, உடைந்த ஓட்டுத்துண்டை எடுத்து உடம்பைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம். அதே எலிப்பாசிடம் கர்த்தர் 42:7இல் என்ன சொன்னார்? "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது." அவர்கள் தன்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

வசனத்தில் உள்ள கருத்து உண்மையாகவே இருக்கட்டும். ஆள் மாறிப் போனதால் அது பொய்யாகிவிட்டது. அந்த நண்பர்கள் உருப்படியாகச் செய்த காரியம் 2:13இல் இருக்கிறது. ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது.

யோவான் 9ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்களுக்கு வந்த முதல் கேள்வி "யார் செய்த பாவம்?" என்பதுதான். இவன் செய்ததும் இல்லை, பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். நம் வேதபாடங்களில் இன்னும் அந்தச் சீஷர்களின் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்றவாத்தியார்

தம்பி பனைநிழல், முதலில் உன் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். எபிரெயர் 12ஐ 10ஆம் அதிகாரத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தால்தான் பிடிபடும். 10:32 முதல் 34 வரை பார். இந்த நிருபம் போன ஜனங்கள் விசுவாசத்துக்காக நிந்தைப்பட்டவர்கள், ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்கள். அவர்கள் செய்த ஒரு குறிப்பிட்ட பாவத்துக்குத் தண்டனையாக இது வந்தது என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. "நீங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல, பிள்ளைகள்" என்று தைரியம் சொல்லத்தான் சிட்சையைப் பற்றிப் பேசுகிறார். எதற்கு அடி விழுந்தது என்று துப்பறியச் சொல்லும் அதிகாரம் இல்லை அது.

அடுத்த இரண்டு வசனங்களை யாரும் வாசிப்பதில்லை. 11இல் நிறுத்திவிட்டு ஜெபிக்கப் போய்விடுகிறோம். 12, 13: "நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நீங்கள் திரும்ப நிமிர்த்தி, முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி, உங்கள் பாதங்களுக்கு வழிகளைச் செவ்வைப்படுத்துங்கள்." சொஸ்தம் அங்கேதான் வருகிறது. தளர்ந்துபோனவனுக்குக் கூட இருக்கிறவர்கள் வழியைச் சரிசெய்து கொடுக்கிற இடத்தில்.

இப்போது கண்டிப்புக்கு வருகிறேன். வேதத்தில் இதற்கு, தாவீது ராஜாவைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2 சாமுவேல் 12ஐப் பொறுமையாக வாசித்தால் நாலைந்து விஷயம் கண்ணில் படும்.

நாத்தான் வருகிறபோது குழந்தை பிறந்துவிட்டது. அப்படியென்றால் தாவீது பத்சேபாளை வரவழைத்து, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொன்று, எல்லாம் நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. தாவீது ராஜகாரியம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று 32ஆம் சங்கீதத்தில் வருகிறது. அது இந்த நாட்களைப் பற்றியது என்று தலைப்பில் போடவில்லை. ஆனாலும் வேறு எந்த நாட்களுக்கு அது இவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோய் முற்றியது இந்த மௌனத்தில். நாத்தான் வந்ததால் வந்த நோயில்லை.

இரண்டாவது, நாத்தான் "ஏதோ பாவம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. ஏழை ஒருவன் ஒரே ஒரு ஆட்டுக்குட்டியை மகளைப்போல மடியில் போட்டு வளர்த்ததையும், ஐசுவரியவான் விருந்தாளிக்காக அதைப் பிடித்துச் சமைத்ததையும் கதையாகச் சொல்கிறார். ஆடு மேய்த்து வளர்ந்தவனுக்கு ஆட்டுக்குட்டிக் கதை. தாவீது கொதித்துப்போய் தீர்ப்பே சொல்லிவிடுகிறான், நாலத்தனையாகக் கொடுக்கவேண்டும் என்று. அதற்கப்புறம்தான் "நீயே அந்த மனுஷன்." தொடர்ந்து உரியாவின் பெயரைச் சொல்கிறார், பட்டயத்தைச் சொல்கிறார். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

மூன்றாவது, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று தாவீது சொன்ன அதே வசனத்திலேயே மன்னிப்பு வந்துவிடுகிறது. நாத்தான் அவனை நாலு வாரம் அழவிட்டுப் பிறகு சொல்லவில்லை. ஆனால் விளைவுகள் ரத்தாகவில்லை. பிள்ளை சாகிறது, பின்னால் மகன்கள் அம்னோன், அப்சலோம் என்று வீடே இரண்டுபடுகிறது. மன்னிப்பு கிடைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

நான் சொல்ல வந்தது கடைசியில்தான் இருக்கிறது. தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் அடுத்த பிள்ளையாகச் சாலொமோன் பிறந்ததும் கர்த்தர் யார் கையில் பெயர் கொடுத்தனுப்பினார்? நாத்தான் கையில். யெதிதியா, கர்த்தருக்குப் பிரியமானவன். "உன் பிள்ளை சாகும்" என்று சொன்ன அதே வாய் அடுத்த பிள்ளைக்கு இந்தப் பெயரோடு வருகிறது. 1 நாளாகமம் 3:5ஐப் பாருங்கள், பத்சேபாளுக்குப் பிறந்த மகன்களில் ஒருவன் பெயர் நாத்தான். தீர்க்கதரிசியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று எழுதியில்லை, ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தாவீதின் கடைசிக் காலத்தில் கட்டிலுக்குப் பக்கத்திலும் நாத்தான் இருக்கிறார். காயப்படுத்தியவர் காயம் ஆறும்வரை வீட்டை விட்டுப் போகவில்லை. அந்த அக்காவிடம் அப்படிப் பேசிய அண்ணன், அவர் வராமல் போன இந்த வாரம் அவர் வீட்டுப் பக்கம் போனாரா? அதை மட்டும் கேட்டுச் சொல்.

மர்த்தாள்வீடு

வாத்தியார் ஐயா அழகாகச் சொன்னீர்கள். ஒரு பெண்ணாக எனக்கு அந்தக் கதையில் ஒரு இடம் எப்போதும் உறுத்தும். தாவீது அழுதான், குணமானான், 51ஆம் சங்கீதம் பாடினான், நாமும் லெந்து நாட்களில் பாடுகிறோம். "நீர் நொறுக்கின எலும்புகள் களிகூரும்." சரி. பத்சேபாள்? நாத்தான் சொன்ன கதையிலேயே அவள் ஆட்டுக்குட்டிதான். புருஷனைக் கொன்றார்கள், பிள்ளையும் போயிற்று. அவளுடைய எலும்பு எங்கே களிகூர்ந்தது? உரியாவுக்கு யார் நியாயம் செய்தது?

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நான். பாவம் செய்தவன் திருந்தின சாட்சியைச் சபையில் எல்லோரும் கைதட்டிக் கேட்கிறார்கள். அவன் பெண்டாட்டி பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

ஓய்வுபெற்றவாத்தியார்

மர்த்தாள் அம்மா, முழுப் பதில் என்னிடம் இல்லை. வேதம் மறைக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். மத்தேயு 1:6இல் இயேசுவின் வம்ச வரலாற்றில் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றுதான் எழுதியிருக்கிறது. அத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் உரியாவின் பெயரை அழிக்கவில்லை. 1 இராஜாக்கள் 1இல் தாவீதின் இன்னொரு மகன் அதோனியா ராஜாவாக முயன்றபோது, பத்சேபாளின் உயிரும் மகன் உயிரும் தப்ப வழி சொல்லிக்கொடுத்துக் கூடவே அரண்மனைக்குப் போனவர் நாத்தான்.

மர்த்தாள்வீடு

அதற்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது ஐயா. ஆனாலும் உரியா விஷயம் எனக்குப் புதிது, நன்றி.

கொழும்பு13

வணக்கம். நான் கத்தோலிக்கன், இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதுகிறது குறைவு. கண்டிப்பு எப்போதும் நல்ல மனசோடுதான் வரவேண்டுமா என்று யோசித்தபோது புனித மோனிக்காவின் கதை ஞாபகம் வந்தது. பழைய திருச்சபையின் பெரிய போதகரான புனித அகுஸ்தீனாரின் தாயார். தாயாரைப் பற்றி அவர் தன்னுடைய பாவ அறிக்கை நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் சொல்கிறார்.

மோனிக்கா பிறந்த வீட்டில் ஒரு கிழட்டு வேலைக்காரி இருந்தாள். மோனிக்காவின் தகப்பனாரையே குழந்தையில் முதுகில் சுமந்தவள். பெண்பிள்ளைகளை வளர்க்கிற பொறுப்பு அவளிடம். கடும் கண்டிப்பு. சாப்பாட்டு நேரம் தவிர தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டாள். இப்போது தண்ணீர் கேட்கிற வாய், நாளைக்குக் கலியாணமாகிச் சாவி கைக்கு வந்ததும் வைன் கேட்கும் என்பது அவள் நியாயம். அவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் என்ன நடந்தது? பீப்பாயிலிருந்து வைன் எடுத்துவரச் சிறுமி மோனிக்காவை அனுப்புவார்கள். அவள் குடுவையில் ஊற்றுவதற்கு முன் உதட்டை நனைத்துப் பார்ப்பாள். விளையாட்டுத்தான். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூடி, கிண்ணம் நிறையக் குடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. பெற்றோருக்கும் தெரியாது, அந்தக் கிழவிக்கும் தெரியாது.

தெரிந்தது ஒருத்திக்குத்தான், கூடப் போகிற அடிமைப் பெண்ணுக்கு. ஒரு நாள் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அவள் ஆத்திரத்தில் சின்ன எசமாட்டியை "குடிகாரி" என்று திட்டினாள். அந்த ஒரு சொல் தைத்தது. மோனிக்கா அதோடு விட்டுவிட்டாள்.

அகுஸ்தீனார் இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறார். அந்தப் பெண்ணுக்குக் குணப்படுத்துகிற எண்ணம் இல்லை, நோகடிக்கத்தான் சொன்னாள். நண்பர்கள் முகஸ்துதியால் கெடுப்பதுண்டு, பகைவர்கள் திட்டித் திருத்துவதும் உண்டு என்கிறார். வருஷக்கணக்கான கட்டுப்பாட்டால் ஆகாதது, குறியாக விழுந்த ஒரு சொல்லால் ஆனது. ஆகஸ்ட் 27 மோனிக்கா திருநாளுக்குப் பிரசங்கம் வைக்கிறபோது எல்லோரும் அவருடைய கண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறார்கள். இந்தக் கதையை நான் பிரசங்கத்தில் கேட்டதே இல்லை.

கேள்விக்குறி

அருமையான கதை. ஒரு ஆபத்தையும் சொல்லிவைக்கிறேன். "நான் திட்டினதும் உனக்கு நன்மைக்குத்தான்" என்று சொல்ல இதை யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். யூதாஸ் காட்டிக்கொடுத்ததையும் கர்த்தர் இரட்சிப்புக்கு ஆக்கினார், அதற்காகக் காட்டிக்கொடுப்பதை ஒரு ஊழியமாக ஆரம்பிக்க முடியுமா? மோனிக்கா குணமானதற்கான பெருமை கர்த்தருக்கும் மோனிக்காவுக்கும். திட்டினவளுக்கு இல்லை. அகுஸ்தீனாரும் அப்படித்தானே சொல்கிறார்?

கொழும்பு13

ஓம், அப்படியேதான். தன் சொல்லால் ஒருவன் திருந்தினால் அதைத் தன் சாமர்த்தியம் என்று யாரும் எண்ணிக்கொள்ளக்கூடாது என்றுதான் அந்தப் பகுதியை முடிக்கிறார்.

தாமிரபரணிக்கரை

நான் புத்தகம் படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் சித்தப்பா மில் வேலை. சம்பளத்தில் பாதி மில் வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரைந்துவிடும். எங்கள் ஊர் உபதேசியார் ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சித்தி காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டலையாமே, அது எந்தக் கடையில இருக்கு?" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, வசனம்கூடச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. உபதேசியார் போனபிறகு வீட்டில் ஒரே சத்தம், இனிமேல் அந்த ஆள் வீட்டுப்படி ஏறக்கூடாது என்று.

அடுத்த சம்பள நாள் உபதேசியார் வீட்டுக்கு வரவில்லை. மில் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டே சித்தப்பாவோடு வீடுவரை நடந்தார். கடையைத் தாண்டும்போது கொய்யா விலை, மழை, வாய்க்கால் தண்ணீர் என்று எதையாவது பேசிக்கொண்டே வருவாராம். அதற்கு அடுத்த சம்பளத்துக்கும் நின்றார். சித்தப்பா நடுவில் இரண்டொரு தடவை விழத்தான் செய்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் அந்த நடை நிற்கவில்லை. கடைசியில் இவரே கோயிலில் மணி அடிக்கிற ஆளாகிவிட்டார்.

அதே ஊரில் இன்னொரு குடும்பம். அசனக் கணக்கில், அதாவது சபை விருந்துக் கணக்கில், ஏதோ குறைகிறது என்று ஒருவர் பெயரை ஆராதனை அறிவிப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். பிறகு கணக்கு சரியாகிவிட்டது, கூட்டினவர் தப்பு. சரியாகிவிட்டது என்பதை மட்டும் யாரும் அறிவிப்பில் வாசிக்கவில்லை. அவர் பிள்ளைகள் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை.

எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் புத்தூர் கட்டுப் போடுகிறவர் மறுபடி இழுத்து வைத்துக் கட்டுவார், உயிர் போகும். ஆனால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இத்தனாம் நாள் வா என்று சொல்லித்தான் அனுப்புவார். நம்மில் சிலர் எலும்பை இழுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

வேதவாசகன்

தாமிரபரணி அண்ணன் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் எல்லாவற்றையும் திண்ணையில் பேசித் தீர்க்க முடியாது. 1 கொரிந்தியர் 5இல், தகப்பன் மனைவியை வைத்துக்கொண்டிருந்தவனை உங்கள் நடுவிலிருந்து நீக்குங்கள் என்று பவுல் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஊரறியப் பாவம் செய்தவனை ஊரறியக் கண்டிக்காவிட்டால் சபை எதற்கு? இன்றைக்குப் பல இடங்களில் இராப்போஜனத்துக்கு யார் வருகிறார்கள் என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

ஓய்வுபெற்றவாத்தியார்

ஒத்துக்கொள்கிறேன். ஊரறிந்த பாவத்தை மூடி மெழுகுவது அன்பு இல்லை. ஆனால் பவுலின் முதல் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள், இரண்டாவதையும் பிரியுங்கள். 2 கொரிந்தியர் 2:6: "அப்படிப்பட்டவனுக்கு அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்." 7: "அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு, நீங்கள் அவனுக்கு மன்னித்து ஆறுதல்செய்யவேண்டும்." அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவர்தானா என்பதில் வேத அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. யாராக இருந்தாலும், "போதும்" என்று சொல்கிற ஒருவர் இருந்தார். நம் சபைகளில் தண்டனையை ஆரம்பித்துவைக்க ஒரு கமிட்டி இருக்கும், முடித்துவைக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

பவுல் எழுதின விதத்தையும் பாருங்கள். 2:4இல் அதிகக் கண்ணீரோடே எழுதினேன் என்கிறார். 7:8இல், அந்தக் கடிதத்தால் உங்களைத் துக்கப்படுத்தியதற்காக முன்பு மனஸ்தாபப்பட்டதாகவே சொல்கிறார். அப்புறம்தான் அந்தப் பெரிய வசனம், தேவனுக்கேற்ற துக்கம் ஒன்று, லௌகிக துக்கம் ஒன்று என்று. ஒன்று மனந்திரும்புதலை உண்டாக்கும், இன்னொன்று மரணத்தை. வலி இரண்டிலும் உண்டு. எனவே வலித்தது என்பதை மட்டும் வைத்து அது கர்த்தரின் வேலை என்று முடிவுகட்ட முடியாது.

கொழும்பு நண்பர் அகுஸ்தீனாரைச் சொன்னதால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அம்புரோசைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.பி. 390. தெசலோனிக்கேயில் ஜனங்கள் கலகம் செய்து ஒரு ராணுவ அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள். ரோமப் பேரரசன் தெயோதோசியு கோபத்தில் விட்ட உத்தரவால் போர்வீரர்கள் அந்த ஊர் ஜனத்தை வெட்டித் தள்ளினார்கள். மிலான் பேராயர் அம்புரோஸ் அரசனை ஆலய வாசலில் தடுத்து நிறுத்தியதாக ஓவியங்கள் உண்டு. அந்த வாசல் காட்சி பிற்காலத்தவர் ஏற்றிச் சொன்னது. உண்மையில் அவர் செய்தது, தன் கையால் ஒரு கடிதம் எழுதியது. நீங்கள் மட்டும் வாசிக்க எழுதுகிறேன் என்று அதிலேயே சொல்கிறார். தாவீது ராஜா செய்ததைச் செய்ய உங்களுக்கு வெட்கமா என்று கேட்கிறார். நீங்கள் வந்து நின்றால் என்னால் நற்கருணைப் பலி ஒப்புக்கொடுக்க முடியாது என்றும் எழுதிவிட்டார்.

பாவம் உலகறிந்தது, முதல் சொல் மட்டும் தனிமையில் போனது. அரசன் ராஜ உடையைக் கழற்றிவைத்துவிட்டு, சபை நடுவே அழுது மனஸ்தாபம் செய்தான். அந்த வருஷம் கிறிஸ்துமசுக்குள் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 395இல் அவன் இறந்தபோது மிலானில் அடக்கப் பிரசங்கம் செய்தவர் யார்? அம்புரோஸ்தான். அவன் அழுததை அவமானமாகச் சொல்லவில்லை, அவனை நேசித்தேன் என்று சொல்லிப் புகழ்ந்தார். வெட்டுண்ட ஜனங்களின் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. மர்த்தாள் அம்மா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மட்டுறுத்துநர்

நல்ல இழை, தொடரட்டும். ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறோம். "தனித்திருக்கையில் உணர்த்து" என்ற மத்தேயு 18:15ஐ வைத்து, பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளைச் சபைக்குள்ளேயே பேசி முடித்த செய்திகள் வருகின்றன. அது குற்றம். இந்தியாவில் 2012இன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பெண்ணை, பிள்ளையை அடிப்பதற்கும் சிட்சை என்று பெயர் சூட்டி இங்கே யாரும் எழுதவேண்டாம், நீக்கப்படும்.

கொழும்பு13

இன்னொரு விஷயம் சொல்லலாமா? ஜெர்மனியில் போன்ஹோபர் பாதிரியார் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் 1935இலிருந்து ஒரு குருமடம் நடத்தினார். 1937இல் நாஜிப் போலீஸ் அதை மூடிவிட்டது. அங்கே படித்தவர்களுக்கு ஒரு விதி இருந்தது. கூட இருக்கிற ஒருவரைப் பற்றி அவர் இல்லாத நேரத்தில் பேசக்கூடாது. வாய்தவறிப் பேசிவிட்டால், போய் அவரிடமே அதைச் சொல்லிவிடவேண்டும். படித்தவர்கள் பிற்காலத்தில், பிரசங்கங்களிலும் வகுப்புகளிலும் கற்றதுக்குச் சமமாய் இந்த விதியிலிருந்து கற்றோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் இவ்வளவு நேரமும் இங்கே யாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்? அந்த வேதபாட அண்ணன் இந்த இழையில் இல்லை. பனைநிழல் தம்பி முதல் பதிவிலேயே "வாதாட ஏதாவது வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். ஆயுதம் சேர்த்துக்கொண்டு போனால் அவரும் எலிப்பாஸ் போன வழியில்தான் போவார்.

கேள்விக்குறி

சரியான குத்து. நானும் வாங்கிக்கொண்டேன்.

பனைநிழல்

புரிகிறது அண்ணே. நாளை சாயங்காலம் அவர் கடைக்கே போய்ப் பேசுகிறேன். இந்த இழையை அவரிடம் காட்டப்போவதில்லை.

வேதவாசகன்

காட்டாமல் இருப்பதே நல்லது. ஒரே வார்த்தை பிரதர்: போனதும் அந்த அக்காவைப் பற்றி ஆரம்பியுங்கள், அவர் வசனத்தைத் தப்பாக விளக்கியதைப் பற்றி இல்லை. விளக்கம் என்று ஆரம்பித்தால் என்னைப்போல இருக்கிறவர்கள் உடனே வேதாகமத்தைப் பிரித்துவிடுவோம். அப்புறம் அந்த அக்கா மறந்துபோகும்.

பனைநிழல்

போய்ப் பேசினேன். நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. கடையில் ஆள் இருந்தது, ஆள் போகும்வரை நின்றேன். அக்கா ஜெபத்துக்கு நடுவிலேயே எழுந்து போனதைச் சொன்னேன். உண்மையாகவே அவர் கவனிக்கவில்லையாம், கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாராம். முதலில் "நான் சொன்னது வசனம்தானே" என்றார். பிறகு "ஒருவரும் சொல்லாவிட்டால் நானாவது சொல்லவேண்டாமா" என்றார். நான் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அவங்க வீட்டுக்கு நான் போனா உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்பாரா, மறுபடி வசனம் சொல்வாரா, எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரண்டு பேருமாகப் போவதாக இருக்கிறோம். வேதபாடக் கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை எபிரெயர் 12இன் மிச்சத்தை, 12ஆம் வசனத்திலிருந்து, ஓய்வுபெற்றவாத்தியார் சொன்னபடி எடுக்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மர்த்தாள்வீடு

தம்பி, கூட்டத்தைத் தவிர்த்தது நல்லது. போவதற்கு முன் சில விஷயங்கள், இது என் வேலை என்பதால் சொல்கிறேன். அந்த அக்காவுக்கு எந்தெந்தக் கிழமை டயாலிசிஸ் என்று முதலில் கேளுங்கள். பண்ணிக்கொண்டு வந்த அன்று பலருக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது, அன்றைக்குப் போகாதீர்கள். போன் பண்ணிவிட்டுப் போங்கள், கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று வழக்கமாக இளநீரும் வாழைப்பழமும் வாங்குவோம், அது இரண்டும் வேண்டவே வேண்டாம். டயாலிசிஸ் ஆளுக்குப் பொட்டாசியம் ஏறினால் இருதயத்துக்கே ஆபத்து. ஆரஞ்சு, பழச்சாறு எதுவும் வேண்டாம். ஆப்பிள் பெரும்பாலும் கொடுப்பார்கள், ஆனாலும் அவர் வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள், அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறதே. அவர்களுக்குத் தண்ணீருக்கே அளவு உண்டு. உங்களுக்குக் காப்பி கொடுத்தால் குடியுங்கள், "நீங்களும் குடியுங்கக்கா" என்று வற்புறுத்தாதீர்கள். கையில் ஊசி போடுகிற பக்கம் புடைத்து இருக்கும், ஜெபிக்கும்போது அந்தக் கையைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணனிடம்.